மொட்டை மாடியில் ஆனைமலைக் காடு: மகளின் பிறந்தநாளுக்குச் செய்த வேலைகள்

மகளுக்கு இந்த ஏப்ரலில் நான்கு வயது நிறைந்தது. பிறந்தநாளைக் காட்டுக்குள் கொண்டாட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. தோழி வீட்டு விழாவில் தென்னை மரமும் பெரிய அலகுப் பறவையும் போட்ட பேனரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சு. கடைகளில் "ட்ராபிக்கல் தீம்" என்று தனி வரிசையே இருக்கிறது. பிளாஸ்டிக் ஓலை, துணியில் செய்த செம்பருத்தி மாலை, அன்னாசி பலூன், டூக்கான் பறவை அட்டை என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கிருந்து ஆனைமலை ஏறினால் வால்பாறை, அசல் மழைக்காடு. போன வருஷம் அங்கே போயிருந்தபோது தலைக்கு மேலே பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவை ஒன்று பறந்து போனது. அது சிறகடிக்கும் சத்தம் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும், கேட்டவர்களுக்கு மறக்காது. மகளும் மறக்கவில்லை. அதனால் டூக்கானை விட்டுவிட்டு இருவாட்சியை எடுத்துக்கொண்டோம். டூக்கான் அமெரிக்கக் கண்டத்துப் பறவை. அலகு பெரிது என்பதைத் தவிர இருவாட்சியோடு அதற்கு உறவு கிடையாது.

கடைப் பெட்டியை வேண்டாம் என்று சொன்னதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் எல்லாம் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில், பலூன் மாட்டும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. பிறந்தநாள் வீட்டில் மறுநாள் குப்பையாகக் கிடப்பவை பெரும்பாலும் இவைதான். தோப்பு வைத்திருக்கிற வீட்டில் பிளாஸ்டிக் ஓலைக்குக் காசு கொடுக்க எனக்கு மனசும் வரவில்லை.

பச்சை இலையை வைத்து வேலை செய்வதென்றால் எதை எப்போது வெட்டுவது என்பதுதான் முக்கால்வாசி வேலை. ஏப்ரலில் கோவையில் பகல் வெயில் 36 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். பன்னிரண்டு இருபது வாக்கில் மாடியில் ஒரு குச்சியை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். மகளுக்கு அதைக் காட்டினோம், அவளுக்கு ஒரே ஆச்சரியம். வேலைக்கு அதில் ஒரு பாடமும் இருந்தது. உச்சி வெயிலுக்குப் பக்கவாட்டில் என்ன தட்டி கட்டினாலும் பிரயோசனமில்லை, தலைக்கு மேலேதான் மறைப்பு வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் கட்டுகிற பச்சை நிழல்வலையை நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டு இழுத்துக் கட்டினோம். காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இறங்கும் அல்லவா, அந்தத் தோற்றமும் கூடவே கிடைத்துவிட்டது. கோடை மழை சாயங்காலத்தில் சொல்லாமல் வரும் என்பதால் ஒரு தார்ப்பாயையும் சுருட்டி, இழுத்தால் விரிகிற மாதிரி மேலே கட்டி வைத்தோம். விழா நாலரை மணிக்கு. அதற்கு முன்னால் மாடித் தரையில் குழந்தைகள் கால் வைக்க முடியாது.

தென்னை மாதத்துக்கு ஒன்று கணக்கில் புது மட்டை விடும். அதே கணக்கில் அடியில் ஒன்று பழுத்து விழும். ஆகவே அடிவரிசையில் இன்னும் பச்சை மாறாத மட்டைகளை எடுத்துக்கொண்டால் மரத்துக்குப் பெரிய இழப்பில்லை. குலையைத் தாங்கி நிற்கிற மட்டையை மட்டும் தொடக்கூடாது, குலை சரிந்துவிடும். அப்பா தொரட்டியால் இழுத்துக் கொடுத்தார். தோரணத்துக்கும் பொம்மைக்கும் குருத்தோலை வேண்டும் என்றதும் தயங்கினார்.

"மட்டை எத்தன வேணாலும் எடுத்துக்க கண்ணு. குருத்துல கத்தி வெக்கறதுன்னா யோசிக்கோணும். உள்ள மொட்டுல பட்டுச்சுன்னா மரமே போச்சு."

"அப்ப கிளியெல்லாம் எதுலீங்கப்பா செய்யறது?"

"பக்கத்துத் தோட்டத்துல ஊடு கட்டறதுக்கு மரம் சாய்க்கறாங்க. அதுல வாங்கித் தாறேன்."

தென்னைக்கு வளரும் மொட்டு ஒன்றே ஒன்றுதான். அது போனால் பக்கத்தில் வேறு கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும் மரமில்லை. அதனால் குருத்து வேண்டுமென்றால், எப்படியும் சாய்க்கப்போகிற மரத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். ஒரு மரத்துக் குருத்திலேயே ஒரு விழாவுக்குத் தேவையான ஓலை கிடைத்துவிடுகிறது.

மட்டைகளை முந்தின நாள் சாயங்காலம் வெட்டி, நிழலில் சாய்த்து, அடியை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாள் இரவுவரை ஓலை விரிந்தே நிற்கிறது. குருத்தை உருவியதும் ஈரத்துணியில் பொதிய வேண்டும், காற்றுப்பட்டால் ஓரம் பழுப்பேறிவிடும். வாழையை இலையாக வெட்டாமல், குலை தள்ளாத கன்றாகவே வேரோடு பெயர்த்து ஈரமணல் வாளியில் நிறுத்தினோம். வாசலுக்கு இரண்டு, கேக் மேசைக்குப் பின்னால் மூன்று. அவை மறுநாளும் வாடவில்லை. சாப்பாட்டுக்கான இலை மட்டும் அன்று மதியம். செம்பருத்தி காலையில் பூத்துச் சாயங்காலம் தானாகவே கூம்பிவிடும் பூ. காலையில் விரிந்ததும் பறித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, விழாவுக்குச் சற்று முன்னால் எடுத்தால் இரவு வரை விரிந்தபடியே இருக்கும். தண்ணீர்கூட வேண்டியதில்லை.

முழு மட்டையை அப்படியே கட்டினால் மாடிக் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும், குழந்தைகள் முகத்தில் அடிக்கும். அப்பா ஒவ்வொரு மட்டையையும் நடுவில் அரிவாளால் நீளவாக்கில் பிளந்துவிட்டார். பாதி மட்டையைக் கயிற்றில் கிடையாக வைத்து இரண்டு இடத்தில் சணலால் இறுக்கினால், ஓலை முழுவதும் ஒரே பக்கமாகக் கீழே தொங்கித் திரைச்சீலை விட்டதுபோல் ஆகிவிடுகிறது. அடுத்த வரிசையை அரை அடி தள்ளி, உயரம் கொஞ்சம் மாற்றிக் கட்டினால் பின்னால் ஆழம் இருப்பதுபோல் தெரியும். சுற்றுச்சுவரின் இரண்டு பக்கமும் இதே வேலைதான். வாழை வெட்டுவாயை மட்டும் பழைய செய்தித்தாளால் சுற்றி நூலால் கட்டுங்கள். வாழைக்கறை பட்ட துணி எந்தச் சோப்புக்கும் மசியாது, வருகிறவர்களோ புதுத்துணியில் வருவார்கள்.

எந்த இலையைச் சேர்க்கக் கூடாது என்பதில் நான் மிகவும் கறாராக இருந்தேன். அகலமான காட்டு இலை என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது சேம்பும், தொட்டியில் வளர்க்கிற டிஃபன்பாக்கியாவும்தான். இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்கிற ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. குழந்தை கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அரளி அதைவிட மோசம். பூ, இலை, குச்சி எல்லாமே விஷம், இதயத்தைப் பாதிக்கும். குரோட்டன்ஸ் பால் தோலில் பட்டால் அரிக்கும். காகிதப்பூவில் முள். இவற்றுக்குப் பதிலாகக் கல்வாழை இலை, மூங்கில் கிளை, பாக்குப் பாளை, மாவிலை ஆகியவற்றை வைத்தோம். நிறமும் குறையவில்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் எதையும் வாயில் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தே ஒவ்வொரு இலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓலை அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் குப்பென்று பிடிக்கும். மெழுகுவத்தி ஏற்றுகிற மேசையைச் சுற்றி எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்கு ஓலையே வைக்கவில்லை, அங்கே வாழை மட்டும்தான். பொறி பறக்கும் மத்தாப்பு மெழுகுவத்தியை அடியோடு தவிர்த்தோம். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

இனி இருவாட்சி மரம். இந்த விழாவில் நான் மனசு வைத்துச் செய்தது அதுதான்.

பெரிய இருவாட்சி கூடு வைக்கிற விதமே தனி. பெட்டைப் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். வெளியே இருக்கும் ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். மாதக்கணக்கில் இது நடக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல விளையாட்டை யாரும் யோசித்துக் கொடுத்துவிட முடியாது. பழத்தை எடுத்துக்கொண்டு ஓடு, பொந்துக்குள் கொடு, அம்மாப் பறவை பசியாக இருக்கிறது. அவ்வளவுதான் விதி, யாரும் தோற்கப்போவதில்லை.

மரத்துக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. பின்பக்கத்தை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டோம், உள்ளே ஆள் உட்கார வேண்டும், காற்று வேண்டும். முன்பக்கம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கீற்று. வெட்டிய ஓரத்தில் துணி டேப் ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அட்டை விரலைக் கீறும். பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கிப் பிரித்து, மைதாப் பசையில் தோய்த்து, மேலிருந்து கீழாகச் சுருக்கம் விழும்படி ஒட்டினால் காய்ந்ததும் மரப்பட்டையாகவே தெரிகிறது. அங்கங்கே தென்னம் பன்னாடையைக் கிழித்து ஒட்டினேன். மட்டையின் அடியில் இயற்கையே நெய்து வைத்திருக்கும் அந்த வலைத்துணி, பாசி தொங்கும் மரத்தின் தோற்றத்தைக் கொடுத்தது. பெட்டி காற்றில் சாயாமலிருக்க அடியில் செங்கல் வைத்து, மேலே கம்போடு சேர்த்துக் கட்டினோம்.

அலகுக்கு அட்டையைத்தான் முதலில் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோப்பில் காய்ந்து கிடந்த தென்னம்பாளை மட்டையைப் பார்த்ததும் வேறு எதுவும் தேவைப்படவில்லை. படகு வடிவம், நுனியில் கூர், லேசான வளைவு. அதுதான் இருவாட்சி அலகு. பெரிய பாளையின் நுனியில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி மேலலகு, சின்னப் பாளையின் நுனியைக் கவிழ்த்துக் கீழலகு. இரண்டின் அடியிலும் துளை போட்டுக் கம்பியால் கோர்த்தால் கீல் மாதிரி திறந்து மூடும். ஓரத்தில் சிலாம்பு நிற்கும், உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மழுமழுவென்று ஆக்க வேண்டும். மேலே தொப்பி மாதிரி நிற்கும் கொண்டைக்குப் பாதிக் கொட்டாங்குச்சி. வண்ணத்துக்கு மஞ்சள்தூளை நீர்த்த மைதாப் பசையில் குழைத்துப் பூசினேன். ஒருமுறை பூசினால் பாளையின் பழுப்பு தெரியும், காயவிட்டு மறுபடி பூச வேண்டும். நுனிக்கு மட்டும் அதே குழைவில் துளி சுண்ணாம்பு சேர்த்தேன், உடனே சிவந்துவிடும். அந்த ஆரஞ்சுச் சாயல் நிஜப் பறவைக்கும் உண்டு. மஞ்சள் வெயிலில் வெளுக்கும் நிறம், ஆகவே விழா நேரம்வரை அலகு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பழமாக ஓலைப்பந்துகள். இரண்டு ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்து முடைகிற சதுரப்பந்து, எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவிரல் கட்டை விரல் சேர்த்துப் பிடிக்கிற பருமனுக்குக் குறையாமல் முடைந்தோம், வாய்க்குள் போகிற அளவில் எதுவும் இருக்கக் கூடாது. அக்கா மகன் பன்னிரண்டு வயதுப் பையன், அலகைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்தான். குழந்தை பந்தை நீட்டினால் கீற்றுக்குள்ளிருந்து அலகு வெளியே வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போகும். முதல் முறை அலகு வெளியே வந்ததும் இரண்டு வாண்டுகள் அம்மாவிடம் ஓடின. அப்புறம் அந்த இடத்தைவிட்டு யாரையும் நகர்த்த முடியவில்லை. என் மகள் ஊட்டி முடித்துவிட்டு, "அம்மாப் பறவைக்குத் தண்ணி வேண்டாமா?" என்று கேட்டாள். உள்ளே இருந்த பையனுக்கும் அப்போது தண்ணீர் தேவைப்பட்டது, ஒரு சொம்பு கொடுத்தோம். அடுத்த அரைமணியில் வேறொருவரை உட்கார வைத்தோம். ஏப்ரலில் பெட்டிக்குள் ஒருவரே தொடர்ந்து இருக்கக் கூடாது.

அம்மாவும் பெரியம்மாவும் முந்தின இரவு உட்கார்ந்து கிளி, பாம்பு, காற்றாடி, பீப்பி என்று முடைந்து ஈரத்துணியில் போட்டு வைத்தார்கள். பீப்பி ஊதுகிற பாகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் நாமே ஊதிப் பார்த்து, நாக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. காற்றாடிக்கு ஈர்க்குச்சியின் கூர்முனையைக் கிள்ளிவிட வேண்டும்.

சாப்பாட்டில் வெயில்தான் எதிராளி. அடித்த கிரீம் மாடியில் நிற்காது. ஆகவே அன்னாசி வட்டங்களை அடியில் அடுக்கி, நாட்டுச்சர்க்கரைப் பாகு ஊற்றி, மேலே மாவு விட்டு வேகவைத்துக் கவிழ்க்கிற கேக்கைச் செய்தேன். அதற்கு மேல்பூச்சே வேண்டாம், அன்னாசியே அலங்காரம். கூடவே இளநீர் புட்டிங்.

புட்டிங்குக்கு ஜெலட்டினை எடுக்காமல் கடற்பாசியை (அகர் அகர்) எடுக்கக் காரணம் உண்டு. ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும், ஏப்ரல் மாடியில் அது பாயசமாகிவிடும். கடற்பாசி அறைச் சூட்டிலேயே உறைந்துகொள்ளும், மறுபடி இளக எண்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இழையாக விற்கும் கடற்பாசி 10 கிராம், 200 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, சின்னத் தீயில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்ச வேண்டும். 500 மில்லி பாலைச் சர்க்கரையோடு தனியாகக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே கடற்பாசியை வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பால் ஆறியிருந்தால் சேர்த்தவுடன் திரிதிரியாகிவிடும். கடைசியில் இறக்கி வைத்து 300 மில்லி இளநீரும், அரைத்த வழுக்கையும். இளநீரைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும், ஐஸ் மாதிரி குளிர்ந்ததையும் ஊற்றக் கூடாது. இந்த அளவில் கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிற மாதிரி மெத்தென்று உறையும். குழந்தைகளுக்கு அதுதான் சரி. கெட்டியாக உறையவைத்துத் துண்டு போட்டுக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் சிக்கலாம்.

பச்சை அன்னாசியைப் பாலோடு சேர்த்தால் சற்று நேரத்தில் கசக்கும். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. சர்க்கரையோடு ஒரு கொதி விட்டுவிட்டால் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் பயமில்லை. நறுக்கின அன்னாசியைக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்கும்போதும் நாக்கு எரிவது அதே நொதியால்தான், கொஞ்சமாக வையுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினோம். நுங்கைக் கரண்டியால் மசித்துக் கொடுத்தோம். நிலக்கடலையும் பாப்கார்னும் பெரியவர்கள் பக்கத்தில் மட்டும். எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்காது என்று அழைக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மற்றபடி செந்தூராவும் பங்கனபள்ளியும் துண்டு போட்டு வாழை இலையில், குச்சிக்கிழங்கை (மரவள்ளி) நன்றாக வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவி, பெரியவர்களுக்குத் தட்டுவடை செட். தட்டு எல்லாம் பாக்குமட்டை. எறும்புக்காக மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். விழா முடிந்த கையோடு அந்தக் கிண்ணங்களையும் வாழை வாளிகளையும் கவிழ்த்துவிட வேண்டும், கொசு முட்டையிட நம் வீட்டிலேயே இடம் கொடுக்கக் கூடாது.

போகும்போது கையில் கொடுக்கக் கொட்டாங்குச்சியில் கற்பூரவல்லிச் செடி. தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெலிதாக இருக்கும். கண்ணுள்ள பாதியை எடுத்து, அந்தக் கண்ணில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு அழுத்து, தண்ணீர் வடிய ஓட்டை தயார். மறுபாதிக்குத் துளைப்பான் வேண்டும். பாதி மண், பாதி மக்கிய தென்னை நார்த்தூள் போட்டு, விரல் நீளக் குச்சியை இரண்டு வாரத்துக்கு முன்பே நட்டு நிழலில் வைத்தால் விழாவுக்குள் வேர் பிடித்துவிடும். குழந்தை இலையைக் கிள்ளி முகர்ந்தாலும் வாயில் போட்டாலும் கவலையில்லை. ஒவ்வொன்றின் மீதும் ஒரு ஓலைக்கிளியைச் செருகிக் கொடுத்தோம்.

மறுநாள் வாழைக்கன்றுகள் அப்பாவின் மாட்டுக்குப் போயின. பாதி மட்டைகளை மாடியிலேயே காயவிட்டு, பெரியம்மா ஈர்க்கு கிழித்துச் சீமாறு கட்டினார். இருவாட்சி மரம் மகள் அறையில் நிற்கிறது, பந்துகள் காய்ந்து வெளுத்த பிறகும் ஊட்டுவது நிற்கவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் பிறந்தநாள் வருகிறவர்கள் இதை வீட்டுக்குள் செய்வதே நல்லது. மழையில் ஓலை கனத்துக் கயிறு தொய்யும். மாம்பழமும் நுங்கும் அப்போது கிடைக்காது, கொய்யாவும் சீத்தாப்பழமும் கிடைக்கும். சீத்தாவைக் கொட்டை நீக்கிக் கூழாகத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் கொட்டை விஷம். கூடத்தில் ஓலை கட்டுவதானால் மின்விசிறிக்கு எட்டாத உயரம் பார்த்துக் கட்டுங்கள். கற்பூரவல்லி ஈரக்காற்றில் அழுகும் என்பதால் நார்த்தூளைக் குறைத்து மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.